பொன்னெழுத்தும் அடிக்குறிப்பும்

நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஆய்வு செய்வது எப்படி என்று சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். ஆய்வேட்டைக் கட்டிக் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தர எல்லோரும் இருக்கிறார்கள். நெறியாளர் சொல்லுவார், துறைக் குமாஸ்தா சொல்லுவார், சென்ற வருஷம் பட்டம் வாங்கினவர் சொல்லுவார், வாசலுக்கு எதிரே இருக்கிற டி.டி.பி. கடைக்காரர் இவர்கள் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொல்லுவார். இடது ஓரம் ஒன்றரை அங்குலம். வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி. முதலில் நெறியாளர் சான்றிதழ், பிறகு ஆய்வாளர் உறுதிமொழி, பிறகு நன்றியுரை, பொருளடக்கம், சுருக்கக் குறியீட்டு விளக்கம். முன்னுரையில் ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், இயல் பகுப்பு. இயல்கள் ஐந்து. ஒவ்வொரு இயலின் முடிவிலும் தொகுப்புரை. ஐந்து தொகுப்புரைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் முடிவுரை. ரெக்ஸின் அட்டை, அதன்மேல் பொன்னெழுத்து. வேலை முடிந்தது.

இதைப் பார்த்து நம் வட்டத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். 'இன்னாரின் நாவல்களில் பெண் பாத்திரங்கள்', 'இன்னாரின் கவிதைகளில் சமுதாயப் பார்வை' என்று தலைப்பைச் சொன்னாலே போதும், சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் சிரிக்கிற இடம் தவறு. 'ஓரமும் இடைவெளியும் அடிக்குறிப்பும் பார்த்துப் பார்த்தே ஆய்வு செத்துப்போய்விட்டது' என்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிரானது. ஓரத்தையும் இடைவெளியையும் அடிக்குறிப்பையும் நம் பேராசிரியர்கள் ஒருநாளும் உண்மையாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தமிழ் ஆய்வு இந்தக் கதிக்கு வந்திராது.

ஆய்வேட்டின் வடிவ விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. இடது ஓரம் அகலமாக இருப்பது, தைக்கும்போது நூல் தின்னும் இடத்தில் எழுத்து மறைந்துவிடக் கூடாது என்பதற்காக. தட்டச்சுக் காலத்தில் இரட்டை இடைவெளி வைத்தது, வரிகளுக்கிடையே திருத்தம் எழுத இடம் வேண்டும் என்பதற்காக. அடிக்குறிப்பு, வாசகன் நம்மை நம்பாமல் தானே எழுந்துபோய் மூலத்தைப் பார்த்துக்கொள்வதற்காக. இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம். அடிக்குறிப்பு பாண்டித்தியத்தின் நகையல்ல. 'என்னை நம்ப வேண்டாம், இதோ இடம், நீயே பார்' என்று எழுதுகிறவன் வாசகனுக்குக் கொடுக்கும் அதிகாரம் அது. நம் ஆய்வேடுகளில் இடைவெளி இருக்கிறது, அதில் பென்சில் வைத்த தேர்வாளர் எத்தனை பேர்? அடிக்குறிப்பு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனவர் எத்தனை பேர்? காரணம் போய்விட்டது, அளவு மட்டும் நின்றுவிட்டது. காரணம் போன பிறகும் நிற்கிற விதிக்குத் தமிழில் சடங்கு என்று பெயர்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்றும் யாரும் கேட்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளராக இருந்த கேட் டுராபியன், அங்குள்ள மாணவர்களுக்காக 1937ல் ஒரு சிறு கையேடு போட்டார். அது வளர்ந்து உலகமெங்கும் போயிற்று. அமெரிக்க நவீன மொழிச் சங்கம் தன் நடைத்தாளை 1951லும் கையேட்டை 1977லும் வெளியிட்டது. இவர்கள் தங்கள் மொழிக்கும் தங்கள் நூலகத்துக்கும் ஏற்றபடி விதி செய்தார்கள். நாம் விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். குடும்பப் பெயரை முன்னே போட்டு இட்ட பெயரைப் பின்னே போடு என்பது அவர்கள் விதி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் இருக்கிறது. ஆகவே ஒரே துணைநூற்பட்டியலில் ஒருவர் முதலெழுத்தின்கீழும், இன்னொருவர் பெயரின்கீழும், மூன்றாமவர் தம் ஊரின்கீழும் நிற்கிறார். ஆங்கிலத்தில் எழுதும்போது தகப்பனாரே ஆசிரியராகிவிடுகிற விபரீதமும் நடக்கிறது. எண்பது வருஷங்களுக்கு மேலாகியும், தமிழ்ப் பெயருக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒப்பும் ஒரே வரிசைமுறையை நம் துறைகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் அட்டையின் நிறம் என்ன என்பதில் கருத்து வேற்றுமையே கிடையாது.

'மேலது' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே நூல் என்று பொருள். கணினியில் பத்திகளை வெட்டி இடம் மாற்றி ஒட்டும்போது 'மேலது' தன் மேலானதை இழந்துவிடுகிறது. தொல்காப்பியத்துக்குப் போட்ட குறிப்பு திரு.வி.க.வின்கீழ் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட ஆய்வேடும் கையெழுத்தாகி, வாய்மொழித் தேர்வு முடிந்து, சால்வை போர்த்தப்பட்டு, டாக்டர் பட்டமாக வெளியே வருகிறது.

அடிக்குறிப்பு மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்று சொல்லித் தப்பிக்கவும் ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைத் திறந்து பார்க்கட்டும். 1887ல் சீவகசிந்தாமணி, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு. எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது, எந்த இடத்தில் பாடம் வேறுபடுகிறது, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று கணக்கு ஒப்புவித்த மனிதர் அவர். அவர் யாரிடமும் ஆய்வேடு கொடுத்தவரல்ல. 1932ல் சென்னைப் பல்கலைக்கழகம் தானாகக் கொடுத்த கௌரவப் பட்டம்தான் அவருடைய டாக்டர் பட்டம். பட்டத்துக்காக இல்லாமலே ஒரு மனிதர் செய்த காரியத்தைப் பட்டத்துக்காகக்கூட நம்மால் செய்ய முடியவில்லை.

ஆய்வேடு என்ற வடிவமே உயிரற்றது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். க. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வேடு 1968ல் ஆக்ஸ்போர்டிலிருந்து புத்தகமாக வந்தது. சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகப் பாடல்களாக அவர் கண்டதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் ஏற்காதவர்கள் எதிர்வாதம் செய்ய முடிந்தது. எந்தப் பாடலின் எந்தத் தொடரை வைத்து அவர் பேசுகிறார் என்று இடம் தெரிந்ததால் முடிந்தது. கா. சிவத்தம்பியும் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்தான். பழந்தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய அவருடைய ஆய்வும் 1981ல் நூலாயிற்று. அதே ஓரம், அதே இடைவெளி, அதே அடிக்குறிப்பு. வடிவம் அவர்களைக் கொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதவனைத்தான் வடிவம் மூடிக்கொள்கிறது, பிணத்தைக் கோடித்துணி மூடுவதுபோல.

இப்போது கணினிக்கு வருவோம். தட்டச்சும் கார்பன் தாளும் போய், கணினி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். என்ன நடந்தது? மாணவன் கையெழுத்துப் பிரதியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். பக்கம் பிரிப்பது, அடிக்குறிப்பு ஒட்டுவது, பொருளடக்கத்துக்கு எண் போடுவது எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. கடைக்காரர் தமக்குப் பழகின எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார். 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2010ல் தமிழக அரசு அதையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் நியமமாக அறிவித்தும் விட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பல கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தாம். பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் தாளில் காண்பது, கணினியின் வயிற்றுக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தாளில் தமிழ், உள்ளே உளறல்.

இது கடைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ம் வருஷ விதிகள் ஆய்வேட்டின் மின்பிரதியையும் கொடுக்கச் சொல்லின. காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் அதை 'சோத்கங்கா' என்ற களஞ்சியத்தில் வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உளறலாக உள்ளே போன ஆய்வேட்டில் மௌனி என்றோ பிச்சமூர்த்தி என்றோ தேடினால் எது அகப்படும்? பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்திருந்தால் அதுவும் இல்லை. ஓர் ஆள் மூன்று நாலு வருஷம் உழைத்தது கங்கையில் கரைத்த அஸ்தியாகப் போகிறது. அட்டையில் எழுத்து பொன்னா வெள்ளியா என்று பார்த்த அதிகாரிகள், உள்ளே எழுத்து எழுத்துதானா என்று பார்க்கவில்லை.

இன்னொரு கூத்து, களவுக் கணக்கு. 2018ல் மானியக் குழு கருத்துத் திருட்டுக்கு விதி செய்தது. ஒற்றுமை பத்து சதம் வரை தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை, நாற்பதுக்கு மேல் அறுபது வரை, அதற்கும் மேல் என்று படிப்படியாகத் தண்டனை. தற்செயலான ஒற்றுமை என்று தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை கணக்கில் வராது. பதினான்கு சொல் ஆங்கிலத்தில் ஒரு நடுத்தர வாக்கியம். தமிழில் அது என்ன? சீரையே சொல்லாகக் கொண்டால், ஒரு குறளுக்கு ஏழு சீர். ஆக, இரண்டு குறள் முழுசாகத் தற்செயல்! நாலடி வெண்பாவுக்குப் பதினைந்து சீர். ஒரே ஒரு சீரால் மாட்டிக்கொள்ளும். ஒரு சொல்லில் ஆங்கிலத்தின் மூன்று சொல்லை அடக்குகிற மொழிக்கு இந்த எண் பொருந்துமா என்று கேட்ட தமிழ்த்துறைத் தீர்மானம் எதையும் நான் பார்த்ததில்லை. மேலும், பழைய எழுத்துருவில் அடித்த உளறலை யந்திரம் எதனோடு ஒப்பிடும்? யூனிகோடில் ஒழுங்காக எழுதி, மேற்கோளுக்கு இடம் காட்டினவன் யந்திரத்தின் கண்ணில் படுகிறான். உளறலாக ஒப்படைத்தவன் சுத்த சுயம்புவாக வெளியே வருகிறான். யோக்கியனுக்குத் தண்டனை, அயோக்கியனுக்குச் சான்றிதழ்.

இவ்வளவும் பேராசிரியர்களுக்கு. இனி நம் வட்டத்துக்கு.

தீஸிஸ் என்றதும் சிரிக்கிற நண்பர்கள் போடுகிற புத்தகங்களைப் பாருங்கள். சிறுகதைத் தொகுப்பு வருகிறது, எந்தக் கதை எந்த இதழில் எந்த வருஷம் வந்தது என்று குறிப்பு இருக்காது. கட்டுரைத் தொகுப்பு வருகிறது, கட்டுரை எந்த விவாதத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று தெரியாது. கேட்டால், 'படைப்புத்தானே முக்கியம், தேதி எதற்கு' என்று பதில். தேதி எதற்கு என்று தெரிய வேண்டுமானால் 2000ல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் வெளியீடு, பாட வேறுபாடு, கால வரிசை எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் புதுமைப்பித்தனின் வளர்ச்சி என்று பேசுவதற்கு ஓர் ஆதாரம் ஏற்படுகிறது. அதற்கு முன்னால் பேசினதில் பெரும்பகுதி ஊகம்.

'எழுத்து' 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் முழுத் தொகுதி இருக்கிறது? இப்படிப்பட்ட இதழ்களைத் தேடிப்பிடித்து, உட்கார்ந்து, இதழ்வாரியாக உள்ளடக்கம் எழுதிப் பின்னிணைப்பில் சேர்த்தது யார்? நாம் கேலி செய்கிற எம்.ஃபில். மாணவர்களில் சிலர்தான். 2022 விதிகளோடு எம்.ஃபில். படிப்பே முடிந்துவிட்டது. அந்தச் சிற்றேடுகள் பெரும்பாலும் அச்சேறவில்லை. இயல் ஒன்றும் இயல் இரண்டும் போனால் போகட்டும், அந்தப் பின்னிணைப்புகள் போனால் நம்முடைய சரித்திரமே போகும். இதை நினைக்காமல் பைண்டிங்கைப் பார்த்துச் சிரிப்பது பிரக்ஞையுள்ளவன் செய்கிற காரியமல்ல, வெறும் மேட்டிமை.

கவிதை அனுபவத்துக்கு அடிக்குறிப்பு எதற்கு என்று கேட்பார்கள். அனுபவத்துக்கு வேண்டாம். ஆனால் 'இவர்தான் முதலில் செய்தார்', 'அவர் இவரிடமிருந்து எடுத்தார்', 'அந்த வருஷத்தோடு ஒரு யுகம் முடிந்தது' என்று தீர்ப்புச் சொல்கிறோமே, அதற்கு வேண்டும். விமர்சனம் என்ற பெயரில் நாம் எழுதுவதில் பாதி இந்தத் தீர்ப்புகள்தாம். சாட்சி இல்லாத தீர்ப்பு பஞ்சாயத்துத் திண்ணையில்கூடச் செல்லாது.

ஆகவே பேராசிரியர்களுக்கு நாலு விஷயம். பொன்னெழுத்தை விட்டுவிடுங்கள், அந்தக் காசில் மாணவன் ஒருமுறை நல்ல நூலகம் இருக்கிற ஊருக்குப் போய்வரட்டும். தமிழ் ஆய்வேடுகளில் காண்பதற்கே அபூர்வமான பொருளடைவைக் கட்டாயமாக்குங்கள். யூனிகோடில் இல்லாத பிரதியை வாங்காதீர்கள். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் தேர்வாளர் பத்தே பத்து அடிக்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கண்டதை எழுத்தில் கொடுக்கட்டும். இந்தக் கடைசி விதி ஒன்று போதும். மாணவன் மட்டுமல்ல, நெறியாளரும் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

நம்மவர்களுக்கு ஒரே விஷயம்தான். அடுத்த தொகுப்பில் தேதி போடுங்கள்.