காலால் எழுதின பரீட்சை

நமக்கு செமஸ்டருக்கு ஒரு பரீட்சைன்னா, நாகசாகி மக்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு. சிலபஸ் ஒரே வரிதான். தரையில வெச்சிருக்கிற படத்தை மிதிக்கணும். படத்துல இருக்கிறது இயேசு, இல்லேன்னா மாதா. 'ஃபுமி-யே'ன்னு பேரு. நடக்கத் தெரியாத குழந்தையைக்கூட தூக்கிட்டு வந்து, பாதத்தை ஒத்தி எடுத்தாங்க. மிதிச்சா வீடு... மறுத்தா சிறை, சித்ரவதை, மரணம். 1620-களின் கடைசியில ஆரம்பிச்சு 1850-கள் வரைக்கும் நடந்திருக்கு பாஸ்!

ஏன் இவ்வளவு கோபம்? 1549-ல பிரான்சிஸ் சேவியர் (நம்ம முத்துக்குளித்துறையில பரதவர்கள்கிட்ட வேலை பார்த்தாரே, அவரேதான்) ககோஷிமாவுல இறங்கினப்போ நல்ல வரவேற்புதான். சாமியோட சேர்ந்து போர்ச்சுகீசிய வியாபாரமும் வந்துச்சே! ஆனா 1580-ல மதம் மாறின ஒரு சிற்றரசர், நாகசாகி துறைமுகத்தையே இயேசு சபைக்குக் கொடுத்துட்டார். சில இடங்கள்ல புத்தர் கோயில்களை இடிச்சாங்க. ஜப்பானியர்களை அடிமைகளா வாங்கி போர்ச்சுகீசியர்கள் கப்பல் ஏத்தினாங்க. பக்கத்துல பிலிப்பைன்ஸ் ஏற்கெனவே ஸ்பெயின் கையில. இன்னிக்கு பாதிரியார், நாளைக்கு படையான்னு ஆட்சியாளர் ஹிதெயோஷிக்கு சந்தேகம் வந்ததுல ஆச்சர்யமே இல்லை.

1587-ல பாதிரியார்களை வெளியே போகச் சொன்னார். 1597-ல நாகசாகியில 26 பேரை சிலுவையில ஏத்திக் கொன்னார். 1614-ல டோகுகவா அரசு நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. 1637-ல ஷிமபாரா விவசாயிங்க வரிக்கொடுமை தாங்காம எழுந்தாங்க, பலர் கிறிஸ்தவங்க. அவங்க இருந்த கோட்டை மேல அரசுக்காக பீரங்கி சுட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? டச்சுக்காரங்க. அவங்களும் கிறிஸ்தவங்கதான். எல்லாம் பிசினஸ் மச்சி!

சரி, எதிரி ஸ்பெயின் ராஜான்னா, உரகாமி கிராமத்துப் பாட்டிக்கு எதுக்கு டெஸ்ட்? இதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தர் கோயில்ல பதிஞ்சே ஆகணும். காட்டிக் கொடுத்தா வெள்ளிக்காசு தர்றோம்னு அறிவிப்புப் பலகை வேற.

அதனால நிறையப் பேர் மிதிச்சாங்க. மிதிச்சுட்டு வீட்டுக்கு வந்து, 'கொன்சிரிசான்'னு ஒரு மன்னிப்பு ஜெபம் சொன்னாங்க. பாதிரியார் இல்லை. அம்மா சொல்லி மகள் கேட்டு, லத்தீன் வார்த்தையெல்லாம் உருமாறிப் போச்சு. கானோன்ங்கிற பௌத்த தெய்வச் சிலையையே மாதாவா நினைச்சுக் கும்பிட்டாங்க. ரெண்டு நூற்றாண்டுக்கு மேல இப்படியே! இந்தப் பக்கம் பித்தளைத் தகடுகள்ல உருவங்களோட முகம் கால் பட்டுப் பட்டே தேஞ்சு போச்சு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல இன்னிக்கும் இருக்கு.

1865 மார்ச் 17. வெளிநாட்டுக்காரங்களுக்காக நாகசாகியில கட்டின ஓவ்ரா தேவாலயத்துக்கு உரகாமிக்காரங்க கொஞ்சம் பேர் வந்தாங்க. ஒரு பெண், பெத்தீஜான்ங்கிற பிரெஞ்சு பாதிரியார் பக்கத்துல போய், எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு மெதுவா சொல்லிட்டு, சாந்தா மரியா சிலை எங்கேன்னு கேட்டாங்க. மனுஷன் ஆடிப் போயிட்டார்!

சினிமான்னா இங்கே சுபம் போட்டிருப்பாங்க. நிஜத்துல, விஷயம் வெளியே தெரிஞ்சதும் உரகாமியில 3,000 பேருக்கு மேல ஊரை விட்டு வெளியேத்தினாங்க. 600 பேருக்கு மேல திரும்பலை. மேல்நாடுகள் கண்டிச்ச பிறகு, 1873-லதான் தடைப் பலகையைக் கழட்டினாங்க.

அப்புறம் நிறையப் பேர் சர்ச்சுல சேர்ந்துட்டாங்க. சிலர் மட்டும் சேரலை. தாத்தா பாட்டி சொல்லிக் கொடுத்த அந்த உருமாறின ஜெபத்தையே வீட்டுல தொடர்ந்தாங்க. இகிட்சுகி தீவுல அதைப் பாடத் தெரிஞ்சவங்க இப்பவும் கொஞ்சம் பேர் இருக்காங்க.