மாஹுவான் எழுதி வைத்தார், நாம்?

மட்டாஞ்சேரிக்கு வரும் உறவினர்களுக்குச் சீன வலையைக் காட்டுகிறோம். யூத ஆலயத்தின் தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளையும் காட்டுகிறோம். ஆனால் ஒரு சீனர் இவ்வூர் மக்களைப் பற்றி எழுதியதை யாரும் சொல்வதில்லை.

செங் ஹேயின் கப்பல்களில் 1413 முதல் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மாஹுவான். தாம் கண்ட நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொச்சியில் ஐந்து வகை மக்கள் என்கிறார். அவர்களில் செல்வர்கள் செட்டிகள். ரத்தினங்கள், முத்துகள், வாசனைப் பொருள்களை வாங்கிச் சேர்த்து வைத்து, கப்பல் வந்ததும் விற்பார்களாம். கடலோர முக்குவர் வீடு மூன்றடிக்கு மேல் உயரக்கூடாதாம்! ஏழையையும் அவர் விட்டுவிடவில்லை.

நம் தாத்தா எந்த ஊரிலிருந்து, என்ன தொழிலுக்காக இங்கே வந்தார்? நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா? நான் வேலை பார்த்த ரயில்வேயில் சிறு பாலத்துக்கும் பதிவேடு உண்டு. குடும்பத்துக்கு மட்டும் இல்லை.

"பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராதே" என்கிறோம். வராவிட்டால் என்ன? பெரியவர் தமிழில் சொல்லட்டும், பிள்ளை மலையாள எழுத்தில் குறிக்கட்டும். சங்கத்தில் அதைத் தமிழில் பெயர்த்தெழுதி, இதழுக்கு ஒரு பக்கம் வெளியிடலாம். தமிழ்ச் சங்கத்தில் மலையாள எழுத்தா என்று சிலர் கோபிக்கலாம். மாஹுவான் சீன எழுத்தில்தான் எழுதினார். 'செட்டி' என்ற சொல் அதில் 600 ஆண்டுகள் பிழைத்திருக்கிறதே!

எழுத்தைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம். சொல்ல வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.