இருட்டில் நீண்ட பயறு

தொடக்கப் பள்ளியில் விதை முளைக்கும் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடி பயறு, இரண்டு கிண்ணம், ஈரத்துணி, ஒரு வார அவகாசம் போதும். புனே வீடுகளில் மிசல், உசள் என்ற உணவுகளுக்காக மட்கி எனப்படும் நரிப்பயறை இரவில் ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டுவது அன்றாட வேலை. ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்கிவிடுவதால் பருவமும் தோதானது.

இருந்தும் இந்தச் சோதனை வீட்டுப்பாடமாகச் சுருங்கி, பெற்றோர் வளர்த்த செடியாகக் கண்காட்சி மேசைக்கு வந்து சேர்கிறது. செழிப்பான செடிக்குக் கூடுதல் மதிப்பெண். அதில் குழந்தையின் பங்கு தொட்டியைத் தூக்கி வந்ததுதான். இந்த வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும்.

வகுப்பறையிலேயே கிண்ணத்துக்குப் பத்துப் பயறாக இட்டு, ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு நீர் தெளித்து வந்தால், ஒரு வாரத்தில் அலமாரிக்குள் இருப்பதே உயரமாக நிற்கும். வெளிச்சம் இல்லாமல் செடி வளராது என்று ஒப்பித்த குழந்தைகள் விழிப்பார்கள். அளந்ததை அப்படியே எழுதச் சொல்வதுதான் ஆசிரியரின் வேலை. விடையை முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. விடை இதுதான்: இருட்டில் இருக்கும் நாற்றில், வித்திலையில் உள்ள சேமிப்பைச் செலவழித்து, தண்டு வெளிச்சம் தேடி நீள்கிறது. பச்சையம் உருவாகாததால் வெளிறி, இலை சிறுத்து, துவள்கிறது. சேமிப்பு தீர்ந்தால் மடிகிறது. கண்காட்சிக்குத் தயாராகும் வீட்டில் இந்த வெளிறிய நாற்று முதல் நாளே குப்பைக்குப் போய்விடும்.

செய்து கற்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், தேர்வறையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே அனுமதித்தது. செய்முறைக்கும் மதிப்பெண் வைத்தது. புனேயிலுள்ள டெல்கோ வாகன ஆலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978-இல் விடுப்பெடுத்து அங்கே போனவர். பின்னாளில் புனேயில் ஆயுகா வானியல் ஆய்வு மைய வளாகத்திலுள்ள முக்தாங்கண் சிறுவர் அறிவியல் மையத்தில் பத்தாண்டுக்கு மேல் கழிவுப் பொருள்களைக் கொண்டே அறிவியல் சொல்லித்தந்தார். ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002-இல் மூடியது. இத்தகைய முயற்சிகளுக்குப் பணத்தைவிடப் பெரிய தடை, மதிப்பெண்ணையும் பாடவேளையையும் விட்டுத்தர மனமில்லாத நிர்வாகம்தான்.

ஐம்பது பேர் வகுப்பில் இந்தப் பயறுச் சோதனை நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஐந்து பேருக்கு இரண்டு கிண்ணம் என்றால் இருபது கிண்ணத்தோடு முடிந்துவிடும். புனே மாநகராட்சிப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் ஜூலையில் இரண்டு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கட்டும். உயரம், நிறம், முளைத்த பயறின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குழந்தை தானே எழுதிய நோட்டுக்கே மதிப்பெண் போகட்டும். தண்ணீர் அதிகமாகிப் பயறு அழுகி நாறினாலும், என்றைக்கு நாற்றம் தொடங்கியது என்று குறித்திருந்தால் முழு மதிப்பெண் தர வேண்டும்.