வீட்டுக்காரர் எங்கே?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் சுற்றுலாத் தலம் அல்ல. ரிச்சர்ட்ஸ் பூங்காவைப் பார்க்க யாரும் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருவதில்லை. ஆனாலும் பழைய கண்டோன்மென்ட்டின் இந்த அமைதி இப்போது நாள் வாடகைக்குப் போகிறது. பக்கத்து வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வேறொரு கூட்டம். நள்ளிரவில் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று போனால் வீட்டுக்காரர் வெளியூரில்.

'அவர் வீடு, அவர் இஷ்டம்' என்று விட்டுவிட முடியாது. மாத வாடகையைவிட நாள் வாடகை லாபம் என்றால், மாதச் சம்பளக்காரருக்கு வீடு கிடைக்காது. பார்சிலோனாவில் பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறியதைச் சுட்டிக்காட்டி, பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் கெடுபிடி அதிகம்: 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால், வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும்.

இது நமக்கும் புதிதல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம், உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் ஆறு அறைகள் வரை விடலாம் என்கிறது. ஆனால் அது விரும்பியவர்கள் சேரும் திட்டம். உள்ளூர்க்காரர்களின் எரிச்சல் விருந்தாளி மீதல்ல, பொறுப்பேற்க ஆளில்லாத வீட்டின் மீதுதான்.

வார இறுதியில் குடகுக்கும் ஊட்டிக்கும் கிளம்பும் பெங்களூர்வாசிகளே, அங்கே யாருக்கோ நாம்தான் அந்தப் பக்கத்து வீட்டுச் சத்தம். அறை பதிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்காரர் இருக்கிறாரா?