தகுதியைச் சொல்வது தற்பெருமையா?

லிங்க்ட்இன் தளத்தில் தம் படிப்பையும் அனுபவத்தையும் எழுதிவைப்பது தற்பெருமை ஆகிவிடுமோ என நம் பட்டதாரி இளைஞர்கள் சிலர் தயங்குகின்றனர். எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது யூசுஃப் (அலை) அவர்கள் தம் நேர்மையையும் அறிவையும் அரசரிடம் தாமே எடுத்துரைத்தார்கள். ஆகவே தயக்கம் வேண்டாம். ஆனால் செய்யாத பணியைச் செய்ததாக எழுதினால் அது பொய்தான், எந்தத் தளத்தில் எழுதினாலும்.

வேலைக்காக மாமாவிடமும் மச்சானிடமும் சொல்லிவைத்துக் காத்திருப்பது நம் வழக்கம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டிலேயே வேறொன்றைக் கூறினார்: நெருங்கியோர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம், புதிய செய்தி, எப்போதாவது சந்திக்கும் அறிமுகத்தாரிடமிருந்தே வருகிறது. லிங்க்ட்இன் பயனர் 2 கோடிப் பேரைக் கொண்டு நடந்து, 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே காட்டியது. உடன் படித்தவர், பழைய அலுவலகத்தின் பக்கத்து மேசைக்காரர் போன்றோரைத் தேடி இணைத்துக்கொள்வதே அத்தளத்தின் பயன். பிறர் பதவி உயர்வுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு அது தேவையில்லை.

அங்கே வளைகுடா வேலை தருவதாகச் செய்தி அனுப்பி, விசாவுக்குப் பணம் கேட்போரும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. கேட்பவர் முகவர் என்றால், அவருடைய பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் சரிபாருங்கள்.