பாசி பறிக்கும் கைகள்

நோன்பு மாதம் பிறந்தால் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடல்பாசி காய்ச்சாத வீடு அரிது. பாலோ இளநீரோ சேர்த்துத் தாம்பாளத்தில் ஊற்றி, ஆறி இறுகியதும் துண்டு போட்டு அடுக்குவார்கள். பகலெல்லாம் வறண்ட தொண்டைக்கு அதுபோல் இதம் வேறில்லை. மளிகைக் கடையில் அது பொட்டலமாகவோ பொடியாகவோ கிடைக்கிறது. எந்தக் கடலில் வளர்ந்தது, யார் பறித்தது என்று நாமும் கேட்பதில்லை.

கடையில் நாம் வாங்கும் அந்தக் கடல்பாசிதான் அகர். மன்னார் வளைகுடாவில் அகர் எடுக்கும் பாசிகளில் ஒன்று கஞ்சிப்பாசி. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வெளுக்கப் போட்டு, மறுபடி அலசிக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டினால் கஞ்சி தயார். வெள்ளைக்காரர் காலத்து மருந்து நூல்கள் ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில், குழந்தைகளுக்கும் நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் ஏற்ற உணவு என்று இதைச் சொல்லின. இலங்கைக் கரையிலும் இந்தப் பாசி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகர் வரத்து நின்றபோது ஆலைக்காரர்களின் பார்வை நம் பாசிமேல் விழுந்தது. 1966 முதல் வணிக அறுவடை. சாக்குச் சாக்காக மதுரை ஆலைகளுக்குப் போனது. அடுப்படியிலிருந்து அது நழுவி, வியாபாரி சொல்லும் உலர்ந்த கிலோ விலைக்குள் அடங்கிவிட்டது.

பறிப்பவர்கள் பெண்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சடக்கி முங்கி, பாறை இடுக்கில் கைவிட்டுப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிறார்கள். பாறை கிழிக்கும், சொறிமுட்டை சுடும். அதே கையோடு வீட்டுக்கு வந்து உலை வைக்க வேண்டும். இந்த வேலைக்குக் கூலி என்று நாம் கொடுப்பது என்ன என்பதை நினைத்தாலே எனக்கு மனம் கொதிக்கிறது.

1986இல் 21 தீவுகளைச் சேர்த்து தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாட்டியும் தாயும் பாசி எடுத்த இடம் தடைசெய்யப்பட்ட இடமானது. காப்பாற்ற வேண்டிய கடல்தான், மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்தது இந்தப் பெண்களா? அப்படி வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அதற்கும் அவர்கள் காரணமில்லை. முன்பு கிடைத்த அளவு பாசி இப்போது இல்லை என்று முதலில் சொன்னவர்களும் அவர்கள்தான்.

சொன்னதோடு நிற்கவில்லை. பாசியின் அடிப்பிடிப்பு பாறையில் மிஞ்சினால் அது திரும்பத் தழைக்கும். அதனால் இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் சர்வதேச ‘சீக்காலஜி’ விருது கிடைத்தது இந்தப் பொறுப்புக்காகத்தான். எந்த அதிகாரியின் சுற்றறிக்கையும் இவ்வளவு துல்லியமாகக் கடலை அறிந்து எழுதப்பட்டதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் பணமெல்லாம் வேறு பக்கம் போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த காப்பாபைகஸ் பாசியை மிதவையில் வளர்க்க ஊக்கம் தந்தோம். அது குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்கா வருகிறது. அந்தக் கோடிகளில் கஞ்சிப்பாசிக்கு ஒரு பங்கு வேண்டும். துண்டுகளைக் கயிற்றில் கட்டி அதை வளர்க்க முடியும் என்று மண்டபம் ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது. மீன் கடித்துத் தின்றுவிடுகிறது, விளைச்சல் குறைவு என்கிற சிக்கல்கள் உண்டு. அவற்றைத் தீர்க்கத்தான் பணம்.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. பாசி வளரட்டும் என்று கடலுக்குப் போகாமல் இருக்கும் நாட்களுக்கும், அந்தப் பெண்களின் பெயரிலேயே அப்படி ஒரு தொகை தர வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்த நாட்களுக்கான கூலி அது.