வேகத்தை அளப்பது எப்படி?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014ஆம் ஆண்டு தொடங்கியது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஈரிடத்தும் கணினி கற்கும் வன்னி மாணவர்க்கு, செய்நிரல் ஒன்றை எழுதியதும் இரு கேள்விகள் எழும். விடை சரியா என்பது முதலாவது. அது எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பது இரண்டாவது. இரண்டாவதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

கட்டளையைத் தட்டச்சுச் செய்து இயக்கும் நிரல்களின் நேரத்தை அளப்பதற்கு, யுனிக்ஸில் 'டைம்' என்னும் கட்டளை 1970களிலிருந்தே உண்டு; லினக்ஸிலும் உண்டு. நிரலின் பெயருக்கு முன்னே அச்சொல்லைச் சேர்த்தாற் போதும், மூன்று கணக்குகள் கிடைக்கும். முதலாவது, தொடக்கம் முதல் முடிவு வரை சுவர்க்கடிகாரம் காட்டும் நேரம். இரண்டாவது, நிரலின் சொந்த வேலைக்குச் செயலி செலவிட்ட நேரம். மூன்றாவது, கோப்பைப் படித்தல் முதலியவற்றுக்காக இயங்குதளம் உழைத்த நேரம். கடிகார நேரம் நீண்டு மற்றிரண்டும் குறுகியிருப்பின், நிரல் உழைத்ததை விடக் காத்திருந்ததே அதிகம் என அறியலாம்.

ஆயினும் ஒருமுறை அளந்து தீர்ப்புக் கூறலாகாது. பெரிய கோப்பொன்றை இரு நிரல்கள் அடுத்தடுத்துப் படிப்பதாகக் கொள்வோம். முதலாவது அதை வட்டிலிருந்து எடுத்து வருகிறது. இரண்டாவது வரும்போது கோப்பு நினைவகத்தில் ஆயத்தமாக இருக்கிறது. காடு வெட்டிப் பாதை சமைத்தவன் ஒருவன். அப்பாதையில் ஓடி வென்றவன் இன்னொருவன்! வரிசையை மாற்றினால் வெற்றியும் மாறக்கூடும்.

ஆகவே அளக்குமுன் இரண்டு நிரல்களையும் ஓரிரு முறை ஓட்டிவிட வேண்டும். பிற வேலைகளை நிறுத்தி, ஒரே கணினியிற் பலமுறை அளந்து, சராசரியோடு மிகக் குறைந்த, மிகக் கூடிய நேரங்களையும் குறிக்க வேண்டும். ஒரே நிரலின் அளவுகளே தம்முள் பெரிதும் வேறுபடின், இரு நிரல்களுக்கிடையே தோன்றும் சிறு வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. 2018இல் வெளிவந்த 'ஹைப்பர்ஃபைன்' என்னும் இலவசக் கருவி, பலமுறை ஓட்டி இக்கணக்குகளைத் தானே தந்துவிடுகிறது.

வேகமற்ற நிரலை வேகமானதென நம்பினால், அதன்மேற் கட்டும் வேலை யாவும் பிழைபடும். ஓராண்டு மாரியைக் கொண்டு இரணைமடுக் குளத்தின் வளத்தைக் கணிக்கும் கமக்காரர் இல்லை. மாணவர்களே, உங்கள் அறிக்கையில் நேரத்தை எழுதும்போது, எத்தனை முறை அளந்தீர்கள் என்பதையும் அருகிலே எழுதுங்கள்.